பேரை மூடிப் பார்க்கிற அக்கா

அக்கா கார் பார்க்க வரும்போது கையில் மூன்று துணித்துண்டு இருக்கும். ஈரத் துணி. ஒன்றை முன்பக்கத்தில் கொம்பனிக் குறியின்மேல் ஒட்டுவார். ஒன்றைப் பின்கதவில். மூன்றாவதை ஸ்ரேறிங்கின் நடுவில். பிறகுதான் காரைப் பார்க்கத் தொடங்குவார்.

என்ன கார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கார் அடுத்த தெரு ஒழுங்கையில் வரும்போதே சத்தத்தில் சொல்லிவிடுவார். ஆனாலும் மூடுவார்.

"தெரிஞ்ச பேருக்கு ஏனக்கா முக்காடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் கண்ணில பட்டா மனம் அதுக்காக வழக்குப் பேசும், தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நானும் இல்லை. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

நான் ஊர்காவற்றுறைச் சந்தியில் வான் ஓடினேன். நயினாதீவுக்குப் படகு ஏறுகிற சனத்தைத் துறையில் விடுவதும், திரும்பி வருகிறவர்களை யாழ்ப்பாணம் கொண்டுபோவதும் வேலை. அக்கா கரையோரம் இருந்தார். கருவாடு போட்டு விற்பார். அதுதான் அவருடைய தொழில். கார் பார்ப்பது தொழில் இல்லை. அதற்கு ஒரு சதமும் வாங்க மாட்டார். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால் சரி. மதியத்துக்கு முன் வீட்டில் விட வேண்டும். பிந்தினால் காயப்போட்ட மீன் காவல் இல்லாமல் கிடக்கும்.

சும்மா பார்ப்பதுதான் ஊருக்குப் பிடிக்கவில்லை. காசு வாங்கியிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"சும்மா ஆர் செய்வினம்?" என்று தவம் கேட்பான். தவம் எங்கள் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். வாய் நிற்காது. "விக்கிறவனிட்டக் கொமிசன் எடுக்கிறா. இல்லாட்டி இந்த வேகாத வெயிலுக்க காருக்குக் கீழ படுக்க அவவுக்கு என்ன விசரே?"

காருக்குக் கீழே படுப்பது உண்மை. ஒரு சாக்கை விரிப்பார். சேலையை இழுத்துச் செருகுவார். உள்ளே போவார். தகரத்தின் மடிப்புகளில் விரலை விட்டு, விரலை நாக்கில் வைப்பார். துப்புவார். தகரத்தில் உப்பு இருந்தால் கார் தீவில் ஓடின கார். யாழ்ப்பாணத்தில் டொக்டர் ஒருவர் ஓடினது என்று விற்கிறவன் சத்தியம் செய்தாலும் நாக்கு ஒத்துக்கொள்ளாது.

றேடியேற்றர் மூடியையும் திறப்பார். எஞ்சின் குளிர்ந்த பிறகுதான். அதிலும் விரல். கடையில் விற்கிற கூலன்ட் இனிக்கும். அது நஞ்சு என்று சொல்லியிருக்கிறேன். மூன்று தரம் துப்புவார், விடமாட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றால் உவர்க்கும். எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அதை ஒருவரும் காருக்கு ஊற்ற மாட்டார்கள். கிணற்றில் கிடக்கிற உவர்த் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுக் கூலன்ட் என்று சொல்வார்கள். ஒரு வருடத்தில் எஞ்சினுக்குள் துரு பிடிக்கும். தீவுக்காரர் எல்லோரும் விடுகிற பிழை அது. நானும் விட்டிருக்கிறேன்.

சந்தியில் ஹயர் ஓட்டம் இல்லாத நேரம் கொம்பனிச் சண்டை நடக்கும். எந்தக் கார் நெடுங்காலம் உழைக்கும், எது லீற்றருக்குக் கூட ஓடும் என்று. புதுக் கார் நாட்டுக்குள் வராத வருடங்கள் அவை. இருக்கிற பழையதைத்தான் கைமாற்ற வேண்டும். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்து எழும்பின சனம். அதனால் ஒவ்வொருவனும் எஞ்சினியர் ஆகியிருந்தான்.

அக்கா பஸ்ஸுக்கு நிற்பார். தவம் சீண்டுவான்.

"அக்கா, டேர்போ எஞ்சின் எப்பிடி?"

"ஊதி ஊதி எரிக்கிற அடுப்பு. கெதியாக் கொதிக்கும். ஆர் நெடுக ஊதுறது?"

"மூண்டு சிலிண்டர்?"

"முக்காலி மூண்டு காலில ஆடாது. மூண்டு சிலிண்டர் ஆடும். ஆடினாப் பரவாயில்லை. ஆடாத மாதிரி றபரை வைச்சு மறைச்சிருப்பான். அந்த றபர் போகேக்கதான் தெரியும்."

"அப்ப ஹைபிரிட்? பெற்றோலும் பற்றரியும். செலவில்லை."

"இரண்டு பெண்சாதிக்காரன்," என்றார் அக்கா. "அவனும் செலவில்லை எண்டுதான் துவங்குவான்."

சந்தி முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

யப்பான் காரா, இந்தியக் காரா, கொரியாக் காரா என்று கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான். "பண்ணைப் பாலம் தாண்டி இங்கால வந்தா எல்லாம் தீவுக் கார்." ஆனால் காருக்குக் கீழே கிடக்கும்போது தனக்குள் பேசுவார். எனக்குக் கேட்கும். இவன் எஞ்சினை மனம்வைத்துச் செய்திருக்கிறான், தகரத்துக்கு வந்தவுடன் களைத்துப்போனான். இவன் தகரம் நல்ல தடிப்பு, ஆனால் வயரை வெளியில் விட்டிருக்கிறான், எங்கள் காற்றுக்கு ஆகாது. இவனுடைய கியர்ப்பெட்டியைத் திறக்க இங்கே ஆளில்லை, எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன. இப்படி ஒவ்வொரு கொம்பனியையும் எடைபோடுவார். வெளியே வந்து சாக்கை உதறிய பிறகு இரண்டு சொல்லில் ஒன்றுதான் வரும்.

"எடும்." அல்லது, "வேண்டாம்."

ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். என்ன குறை என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "வித்தவனும் நாளைக்கு என்ர முகத்தில முழிக்க வேணும். குறையைச் சொன்னா அது நடந்து போய் அவனிட்டச் சேரும். வேண்டாமெண்டா வேண்டாம்."

பொதுவாக எதைக் கேட்டாலும் அவருடைய முதல் பதில், "ஏன் கேக்கிறீர்?" என்பதுதான். எங்கே போகிறீர்கள் அக்கா என்றாலும் அதுதான். சுகமா என்றாலும் அதுதான்.

அவருடைய புருஷன் முந்திச் சண்டைக் காலத்தில் ஹயர்க் கார் ஓடினவர். பெற்றோல் வராத காலம். பழைய இங்கிலிசுக் காருக்கு ஒரு மூடி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தாள் நல்ல பேரான கார் என்று கேள்விப்பட்டு ஒன்று வாங்கினார். வெளியில் இருந்த பேர் ஒன்று, உள்ளே யாரோ மாற்றி வைத்த எஞ்சின் வேறொன்று, அச்சு எங்கேயோ பொறுக்கினது. கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் அச்சு முறிந்து கார் கடலுக்குள் இறங்கியது. ஆழமில்லாத இடம். ஆள் தப்பினார், கால் தப்பவில்லை. அதற்குப் பிறகு அக்காதான் கார் ஓடினார். இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. ஊர் சொன்னது. ஒருநாள் கேட்டேன்.

"ஏன் கேக்கிறீர்?" என்றார்.

எண்ணெய்ச் செலவு பார்க்கிற முறையையும் அவர்தான் வைத்திருந்தார். இப்போதைய கார்களில் லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று முன்னால் மீற்றர்க் கண்ணாடியில் காட்டும். அதைக் கையால் மூடிவிடுவார். "அது கொம்பனிக்காரன்ர வாய். தன்னைப் பற்றித் தானே சொல்லுறான்." பெற்றோல் செட்டில் வாய் முட்ட அடிக்க வேண்டும். நாலு பேர் ஏற வேண்டும். பண்ணைப் பாலத்தின் மறு அந்தலைக்குப் போய்த் திரும்பி வந்து, அதே செட்டில் மறுபடி வாய் முட்ட அடித்தால், அடித்த அளவு கார் குடித்த அளவு. சோளகக் காற்று வீசுகிற நாளாகப் பார்த்துத்தான் போவார். போகும்போது காற்று முதுகில். வரும்போது முகத்தில். "காத்தில்லாத ஊரில ஓடிப் பாத்து எங்களுக்கு என்ன?"

என் வானையும் அவர் பார்த்திருக்கிறார். எனக்காக அல்ல. வாங்க வந்த காரைநகர்க்காரனுக்காக. நான் அவனிடம் கூலன்ட் தவிர வேறொன்றும் ஊற்றினதில்லை என்று சொல்லியிருந்தேன். அக்கா மூடியைத் திறந்தார். விரலை விட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு காரைநகர்க்காரனிடம் "வேண்டாம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை தரம் அவரை வீட்டில் விட்டிருப்பேன். ஒரு நோய் வருத்தம் என்றால் ஓடிப்போய் நிற்பேன். அன்றைக்கும் அவரைக் கொண்டுபோய் விட்டது நான்தான். இறங்கும்போது, "உமக்காக எண்டாலும் அவனுக்காக எண்டாலும் நாக்கு ஒண்டுதான், தம்பி," என்றார்.

வான் அடுத்த மாரிக்குள் அடித்தட்டு உக்கி விழுந்தது. இரும்புக்காரனுக்குப் போனது.

பிரான்சில் இருக்கிற என் தம்பி காசு அனுப்பினான். "அண்ணை, இது ஒருக்காத்தான். இனி என்னால ஏலாது," என்றான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. வாங்குகிற கார் உழைத்தால் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். பழுதாய்ப்போனால் நான் வேறொருத்தனுடைய வானுக்குச் சம்பளத்துக்குப் போக வேண்டும். ஐம்பத்தொரு வயதில் அதற்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் அக்காவிடம் போனேன். ஆத்திரம் இருந்தும் போனேன். அந்த நாக்கைப் போல ஒரு நாக்கு வேறெங்கும் இல்லை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹைபிரிட் நின்றது. வெள்ளை. கண்ணாடி மாதிரி. எல்லோரும் மெச்சுகிற கொம்பனி. அதில் பிழை வராது என்று குழந்தைப்பிள்ளையும் சொல்லும். ஓடிப் பார்த்தோம், எண்ணெய் குடிக்கிறதே தெரியவில்லை. அக்கா துணியை ஒட்டினார். கீழே படுத்தார். எழும்பிப் பின்சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றுப் போகிற ஓட்டையில் முகத்தை வைத்து மணந்து பார்த்தார். பிறகு பின்சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்தார். அந்தக் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். விட்டார்.

"வேண்டாம்."

விற்கிறவன் சிரித்தான். "அக்கா, இதை வேண்டாமெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

வரும் வழியில் கேட்டேன். "பற்றரியோ அக்கா?"

"வேண்டாமெண்டன்."

"இல்லை, தெரிஞ்சா எனக்கும்..."

"தம்பி, உமக்குத் தெரிஞ்சா உம்மட முகத்தில தெரியும்."

இரண்டாவது கார் சுருவிலில் ஒரு வாத்தியாருடையது. சின்னக் கார். வெறும் பெற்றோல். நாலு சிலிண்டர். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். நிறம் வாடின பூசணிப்பூ. அதைச் செய்த கொம்பனியின் பேரை எங்கள் சந்தியில் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. அக்கா படுத்தார், எழும்பினார், பாலம் வரை போய் வந்தார். சோளகம் அன்று பேயாக அடித்தது. பெற்றோல் அடித்துப் பார்த்தபோது வெள்ளைக் காரை விடக் கொஞ்சம் கூடத்தான் குடித்திருந்தது.

"எடும்," என்றார்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கார் பிடிக்காதது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் நான் சுருவில் பக்கம் ஒரு ஹயர் போனேன். வாத்தியார் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் என்னைக் காணவில்லை. நான் கண்டேன். அடுத்த நாள் என்னோடு அதே வீட்டுக்கு வந்தபோது அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"முந்தி இஞ்சால வந்திருக்கிறீங்களோ அக்கா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏன் கேக்கிறீர்?"

அதைத் தவத்திடம் சொன்னதுதான் நான் செய்த வேலை. அவன் தொடையில் அடித்தான்.

"மச்சான், விளங்கேல்லையே உனக்கு? சாப்பாட்டை முடிச்சுக்கொண்டுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. அவன்ர உப்பைத் திண்டிட்டு அவன்ர காருக்குக் குறை சொல்லுவாவே? வெள்ளைக் காரை ஏன் தள்ளினவ? பூசணிக்காயை உன்ர தலையில கட்ட."

இரண்டு நாள் யோசித்தேன். அக்கா என் வானைத் தள்ளின நாளும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் காரைநகர்க்காரனும் அவருக்குச் சாப்பாடு கொடுத்தானோ? ஒரு சந்தேகம் வந்தால் பழையதை எல்லாம் கிளறும். மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் போனேன். வெள்ளைக் காரை எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

நல்ல ஓட்டம். சனத்துக்குப் பிடித்தது. கொழும்பிலிருந்து வந்து நயினாதீவுக்குப் போகிறவர்கள் குறியைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். அக்கா சந்திக்கு வரும்போது நான் காரைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். அவர் பஸ்ஸில் போவார்.

மூன்று மாதம் போனது. சுருவிலிலிருந்து ஒரு ஹயர். வாத்தியாருடைய மனைவி, ஆஸ்பத்திரிக்கு. அவர்களுடைய காரைக் காரைநகரில் யாரோ வாங்கிவிட்டார்கள். பாலத்தில் போகும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீங்கள்தானே அண்டைக்கு அந்தக் கருவாட்டு அக்காவோட வந்தது? சரியான ஆள் அவ."

"ஏன்?"

"முதல் நாள் வந்து படலையில நிண்டவ. ஆரெண்டு எனக்குத் தெரியாது. தண்ணி தாகம் எண்டா. பவுசர்த் தண்ணி எடுக்கப் போனன். வேண்டாம், கிணத்துத் தண்ணி தாருமெண்டா. எங்கட கிணத்தைத்தான் தெரியுமே, வாயில வைக்கேலாது. அவ வாயில வைச்சா, துப்பினா. பிறகு கேக்கிறா, இதிலதானோ கார் கழுவிறனீங்கள் எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"கூரையில விழுற மழைத் தண்ணியைத் தாங்கியில பிடிச்சு வைச்சிருக்கிறம். இவர் காருக்கு அதைத்தான் பாவிக்கிறவர், கிணத்துத் தண்ணி தொடவிடார் எண்டன். போய்த் தாங்கியிலயும் விரலை விட்டுப் பாத்தா. கார் வாங்கவோ வந்தனீங்கள் எண்டு கேட்டன். ஏன் கேக்கிறீர் எண்டிட்டுப் போயிட்டா." அவர் சிரித்தார். "ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோ எண்டன், அதுகும் வேண்டாமெண்டிட்டா."

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தேன். பின்சீற்றுக்குப் போய்ப் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். சாதாரண பெல்ற். வெள்ளத்துக்குள் நின்ற காரில் இருக்கிற மாதிரி ஒரு கறை இல்லை. ஓட்டையில் மணந்து பார்த்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா என்ன கண்டார்?

திங்கட்கிழமை அவர் சந்திக்கு வந்தார். இந்தமுறை நான் குனியவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். சுருவிலுக்கு நீங்கள் சாப்பிடப் போனனீங்கள் எண்டு..."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"சந்தியில வாய்க்குப் பஞ்சமே?"

தவம் ஓட்டோவுக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

"வீட்ட விடுறன், ஏறுங்கோ அக்கா."

"பஸ் வருகுது."

"அப்ப இதை மட்டும் சொல்லுங்கோ. இந்தக் காரில என்ன குறை கண்டனீங்கள்?"

அவர் காரைப் பார்த்தார். நேராக, வெயிலில் மின்னுகிற குறியைப் பார்த்தார். கையில் துணி இல்லை. கீழே குனியவும் இல்லை.

"நல்ல கார்," என்றார்.

"அண்டைக்கு வேண்டாமெண்டனீங்கள்."

"அண்டைக்கு அது விக்கிறவன்ர கார். இண்டைக்கு உம்மட கார். உம்மட காருக்கு நான் குறை சொல்ல ஏலுமே?"

"பரவாயில்லை அக்கா, சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன். எனக்கு இதுதான் பிழைப்பு."

பஸ் வந்து நின்றது. அவர் கருவாட்டுப் பையை முதலில் உள்ளே வைத்தார். பிறகு ஏறினார். கொண்டக்டர் கதவடியில் அவருக்கு இடம் விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கார் பார்க்கப் போகவில்லை என்று சொல்கிறார்கள். என்னால்தானோ தெரியாது. போன மாரியில் காய்ச்சல் கண்டு நாலு நாளில் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுச் சனத்தை ஏற்றி இறக்கினது என் கார்தான். வழியில் ஒரு வம்பும் செய்யவில்லை. அமைதியாக ஓடியது.

இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. கராஜ்காரன் திறந்து பார்த்து, "அண்ணை, அருமையான சாமான்," என்கிறான். இருக்கலாம். குறை தெரிந்தவர் ஒருவர்தான், அவர் சொல்லாமல் போய்விட்டார். இல்லை, குறையே இல்லாத காரில் அவரும் ஒருமுறை பிழைவிட்டாரோ? அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். பாலம் ஏறும் வரைக்கும் அந்த ஆறுதல் நிற்கும். பிறகு பற்றரி விசிறி இரைகிற சத்தம் நேற்றுப் போல இல்லை என்று தோன்றும். அதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டே ஓடுவேன்.

துறைக்குப் போகிற இளம் பெடியள் பின்னால் இருந்து கேட்பார்கள். "அண்ணை, நல்ல கார். ஒரு பாட்டைப் போடுங்கோவன்."

"றேடியோ பழுது," என்பேன்.

பழுதில்லை. நான் அதைப் போடுவதில்லை.